அலூசியன் கரைகள் ஆளற்றுப் போன கதை

அலாஸ்காவின் தென்மேற்கு மூலையிலிருந்து கம்சாட்காவை நோக்கி, சுமார் 1,900 கிலோமீட்டருக்கு வில்லாக வளைந்து கிடக்கின்றன அலூசியன் தீவுகள். எல்லாமே எரிமலைகள் எழுப்பிய நிலம். மரம் கிடையாது. புல், பாசி, மூடுபனி, ஓயாத காற்று, இவ்வளவுதான். வடக்கே பெரிங் கடல், தெற்கே பசிபிக். வரிசையின் மறுமுனையில், ரஷ்யாவின் பக்கம், கமாண்டர் தீவுகள். இந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மனிதக் காலடி படாத பூமி’ என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது உண்மையில்லை. அங்கே வாழ்ந்தவர்களுக்கு நடந்த அநியாயத்தை மூடி மறைக்கிற பேச்சும்கூட.

அமெரிக்க எல்லைக்குள் மேற்குக் கோடியில் இருக்கும் தீவு அட்டூ. 2010-இல் கடலோரக் காவல்படை தன் நிலையத்தை மூடிவிட்டுப் போனபின் அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. 1942 வரை அங்கே ஒரு கிராமம் இருந்தது, ஒரு தேவாலயம் இருந்தது. துணி நெய்ததுபோல நெருக்கமாகப் புல்கூடை முடையும் பெண்கள் இருந்தார்கள். இன்றைய வெறுமை, இருநூறு ஆண்டுகளில் வெவ்வேறு அரசுகளும் கம்பெனிகளும் எடுத்த முடிவுகளால் வந்தது. அவற்றில் பாதிக்குமேல் ஒரே ஒரு பொருளைச் சுற்றி எடுக்கப்பட்டவை: கடல் நீர்நாயின் தோல். கடலடிப் பாசிக்காடு, அழிந்துபோன கடற்பசு, ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்ட மக்கள் என்று தனித்தனியாகப் பேசினால் இந்தக் கரை விளங்காது. எல்லாம் ஒரே கணக்கில் வருகிறவை.

இந்தத் தீவுகளின் மக்கள் தங்களை உனாங்கன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அலூத் என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர். உம்னாக் தீவை ஒட்டியுள்ள அனங்குலா என்ற குட்டித் தீவில் கிடைத்த கல்கருவிகள், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. விவசாயம் செய்ய வழியில்லாத இடம். சாப்பாடு, உடை, விளக்கெண்ணெய், படகு, எல்லாமே கடலிலிருந்துதான் வரவேண்டும்.

அவர்களின் படகைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளைக் கட்டிச் சட்டகம் செய்து, அதன்மேல் கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். அலை வரும்போது சட்டகம் வளைந்து கொடுக்கும், முறியாது. படகோட்டி உட்காரும் ஓட்டையைச் சுற்றித் தன் மேலங்கியின் கீழ்விளிம்பை இறுக்கிக் கட்டிக்கொள்வார். அந்த அங்கி கடற்சிங்கத்தின் குடலால் ஆனது. குடலைச் சுத்தம்செய்து, காற்று நிரப்பிக் காயவைத்து, நீளவாக்கில் பிளந்து, பட்டை பட்டையாக இணைத்துத் தைப்பார்கள். தையலுக்குள் புல் ஒன்றை வைத்துத் தைப்பதால் தண்ணீர் கசியாது. நைலான் மழைக்கோட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அதைவிட எடை குறைந்த ஒன்றை இந்தப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில், ஆவியில் வளைத்த மரத்தொப்பி. கண் கூசாமலும் சாரல் முகத்தில் அடிக்காமலும் இருக்க அதற்கு நீண்ட முன்விளிம்பு. இந்தத் திறமைதான் பிற்பாடு அவர்களுக்கு வினையாக வந்தது.

அவர்கள் இயற்கையைத் தொடாமல் வாழ்ந்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. ஆம்சிட்கா தீவின் பழைய குப்பைமேடுகளைத் தோண்டியபோது, சுமார் 2,500 ஆண்டு உணவுக் கழிவு அடுக்கடுக்காகக் கிடைத்தது. சில அடுக்குகளில் மீனும் சீலும் அதிகம். வேறு சிலவற்றில் கடல் முள்ளெலிகளின் (பந்துபோல உருண்டு, உடம்பெங்கும் முள் நிறைந்த சிறு கடலுயிர்) ஓடுகள் குவிந்திருந்தன. ஊருக்குப் பக்கத்தில் நீர்நாயை அதிகம் வேட்டையாடிய காலங்களில் முள்ளெலி பெருகியது என்று ஆய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள். ஆக, கரையை மாற்றியவர்கள்தான் அவர்களும். ஆனால் எட்டு, ஒன்பது ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் நீர்நாய் இருந்தது, அவர்களும் இருந்தார்கள்.

நீர்நாய்க்கும் முள்ளெலிக்கும் என்ன தொடர்பு? சீல், திமிங்கிலம் போன்ற குளிர்க்கடல் விலங்குகளுக்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. உடம்புச் சூட்டைக் காப்பது அதன் ரோமம் மட்டும்தான். அடர்ந்த இடங்களில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் முடி வரை இருக்கும். உலகில் இதைவிட அடர்த்தியான ரோமம் வேறெந்த விலங்குக்கும் இல்லை. முடிகளுக்கிடையே காற்று தங்கி நிற்பதால் தண்ணீர் தோலைத் தொடாது. அதற்காகவே நாள் முழுக்க ரோமத்தைக் கோதிக்கொண்டே இருக்கும். அப்படியும் குளிரைத் தாங்க, தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தினமும் தின்றாக வேண்டும். முள்ளெலி, நத்தை, சிப்பி, நண்டு என்று அள்ளித் தின்னும். மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மேல் கல்லை வைத்து ஓட்டை உடைத்துத் தின்பதும் உண்டு.

முள்ளெலிக்குப் பிடித்த உணவு கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசி. பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் அதன் அடிப்பகுதியையே கடித்துவிட்டால் முழுப் பாசியும் பிடிவிட்டு மிதந்து போய்விடும். நீர்நாய் இருக்கும் வரை முள்ளெலி இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்கும், பாசிக்காடு நிற்கும், மீன் குஞ்சுகளுக்கு நிழல் கிடைக்கும், அலையின் வேகம் தணியும். நீர்நாய் போனால் முள்ளெலி வெளியே வரும், காடு மொட்டையாகிவிடும்.

1741-இல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் விட்டஸ் பெரிங். டென்மார்க்கில் பிறந்து ரஷ்யக் கடற்படையில் வேலை செய்தவர். கம்சாட்காவிலிருந்து இரண்டு கப்பல்கள் அமெரிக்காவைத் தேடிப் புறப்பட்டன. வழியில் ஒன்றையொன்று தவறவிட்டன. பெரிங்கின் ‘புனித பீட்டர்’ கப்பல் ஜூலையில் அலாஸ்காவைக் கண்டது. அதிலிருந்த ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் கியார்க் ஸ்டெல்லருக்கு காயக் தீவில் கிடைத்தது சுமார் பத்து மணி நேரம். பத்து ஆண்டு ஏற்பாட்டுக்குப் பத்து மணி நேர ஆய்வா என்று அவர் மனம் நொந்து எழுதினார். திரும்பும் வழியில், வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளைச் சாய்த்தது. பாயை இழுத்துக் கட்டவும் ஆளில்லாத நிலையில், நவம்பரில் யாருமற்ற ஒரு தீவின் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கமாண்டர் தீவுகளில் ஒன்றான அது இன்று பெரிங் தீவு. மணலில் குழி தோண்டி, மேலே பாயை விரித்துக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். செத்தவர்களை மட்டுமல்ல, சாகக் கிடந்தவர்களையும் நரிகள் கடித்தன. பெரிங் டிசம்பரில் அங்கேயே இறந்தார். எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் 46 பேர் பிழைத்தார்கள். உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டே சின்னதாக ஒரு கப்பல் கட்டி 1742 ஆகஸ்டில் ஊர் திரும்பினார்கள்.

அவர்களைக் காப்பாற்றிய உணவுகளில் ஒன்று, அறிவியலுக்கு அதுவரை தெரியாத ஒரு விலங்கு: ஸ்டெல்லரின் கடற்பசு. நம் பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஆவுளியா மூன்று மீட்டர் என்றால் இது எட்டு மீட்டருக்கு மேல்; பல டன் எடை. பல்லே கிடையாது, வாய்க்குள் இருந்த கடினமான தட்டுகளால் பாசியை நசுக்கித் தின்றது. கரையோர ஆழமற்ற தண்ணீரில் மந்தை மந்தையாக மேய்ந்தது, முதுகு எப்போதும் வெளியே தெரிய. ஆளைக் கண்டு பயப்படவில்லை.

அதை உயிரோடு பார்த்து விரிவாக எழுதிய ஒரே ஆய்வாளர் ஸ்டெல்லர். படகிலிருந்து ஒருவர் பெரிய இரும்புக் கொக்கியை எறிவார். அதில் கட்டிய கயிற்றைக் கரையில் நிற்கும் சுமார் முப்பது பேர் இழுப்பார்கள். அடிபட்டதைக் காப்பாற்ற மற்றவை சுற்றி வரும், சில படகைக் கவிழ்க்கப் பார்க்கும், சில கயிற்றின்மேல் பாய்ந்து அறுக்க முயலும். கொல்லப்பட்டுக் கரையில் கிடந்த பெண் விலங்கைத் தேடி, அதன் இணை இரண்டு நாள் தொடர்ந்து வந்து நின்றதாகவும் அவர் எழுதியிருக்கிறார். இறைச்சி மாட்டிறைச்சிபோல இருந்தது, கொழுப்பு பாதாம் எண்ணெய் போல இனித்தது என்கிற விவரங்களும் அதே குறிப்பில் உண்டு.

உயிர் பிழைத்தவர்கள் ஊருக்கு எடுத்துவந்த சுமையில் நூற்றுக்கணக்கான நீர்நாய்த் தோல்கள் இருந்தன. சீனாவின் பணக்காரர்கள் அந்தத் தோலுக்கு என்ன விலையும் கொடுப்பார்கள். ரஷ்ய-சீன எல்லையில் கியாக்தா என்ற சந்தை அதற்கென்றே காத்திருந்தது. மறு ஆண்டே, 1743-இல், எமெல்யான் பசோவ் என்பவர் பெரிங் தீவுக்கு வேட்டைக்குப் போனார். அப்புறம் கப்பல்கள் வரிசை கட்டின. கமாண்டர் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்து, கடற்பசு இறைச்சியை ஏற்றிக்கொண்டு, கிழக்கே அலூசியன் தீவுகளுக்குப் போவதே வழக்கமாயிற்று. சில சமயம் ஓரிருவராகப் போய் ஈட்டியால் குத்துவார்கள். காயம்பட்ட கடற்பசு ஆழத்துக்கு ஓடி, அங்கே செத்து வீணாகும். 1755-இல் பியோத்தர் யாகொவ்லெவ் என்ற சுரங்க அதிகாரி, கமாண்டர் தீவுகளில் இன்னொன்றான மெத்னியில் ஏற்கெனவே இந்த விலங்கு இல்லாமல் போய்விட்டது, பெரிங் தீவிலாவது கட்டுப்பாடு வேண்டும் என்று கம்சாட்கா நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தார். அப்படிக் கேட்க அந்தக் காலத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார். எந்தக் கட்டுப்பாடும் வரவில்லை. 1768-இல் கடைசிக் கடற்பசு கொல்லப்பட்டது. கண்டுபிடித்து 27 ஆண்டு.

இறைச்சி வேட்டை மட்டுமே அதை அழித்திருக்கப் போதும் என்பது ஒரு கணக்கு. நீர்நாய் போனதால் முள்ளெலி பெருகிக் கரையோரப் பாசி குறைந்து, பட்டினியும் சேர்ந்து கொன்றது என்பது இன்னொரு கருத்து. எனக்குப் பார்க்க இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தெரியவில்லை. எந்த வழியில் போனாலும் அடியில் இருப்பது தோல் வியாபாரம்தான்.

விலங்குகளுக்கு நடந்ததைவிடக் கொடுமை மனிதர்களுக்கு நடந்தது. சைபீரியாவிலிருந்து வந்த வேட்டைக்காரர்களுக்குக் கடலில் நீர்நாய் பிடிக்கத் தெரியாது. உனாங்கன் ஆண்களுக்குத் தெரியும். எனவே ஊருக்கு வந்ததும் பெண்களையும் குழந்தைகளையும் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு, ஆண்களை வேட்டைக்கு அனுப்பினார்கள். 1763-இல் உனலாஸ்கா வட்டாரத்தில் உனாங்கன்கள் எதிர்த்து எழுந்து நான்கு ரஷ்யக் கப்பல்களை அழித்தார்கள். அதற்குப் பழிவாங்க வந்த இவான் சொலொவ்யோவின் ஆட்கள் கிராமங்களை நாசம் செய்தார்கள், படகுகளை உடைத்தார்கள், ஆயுதங்களை எரித்தார்கள். அங்கே படகை உடைப்பதும் ஆளைக் கொல்வதும் ஒன்றுதான். குளிர்காலத்தில் சோறு இல்லை. கொலை, பட்டினி, புதிய நோய்கள் எல்லாம் சேர்ந்து, நூறு ஆண்டுக்குள் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

1799-இல் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி ஏகபோக உரிமை பெற்றபோது, கட்டாய வேலை சட்டமாகவே ஆனது. நீர்நாய் எங்கே மிச்சமிருந்ததோ அங்கெல்லாம் உனாங்கன்களையும் கோடியாக் தீவின் அலூதீக் மக்களையும் படகோடு கொண்டுபோனார்கள். கலிஃபோர்னியா வரை போனார்கள். பெரிங் கடலில் 1786-இல் கண்டறியப்பட்ட பிரிபிலோஃப் தீவுகளில் ஃபர் சீல் வேட்டைக்காகக் குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். யாருமற்ற கமாண்டர் தீவுகளில் 1820-களில் அட்டூ, அட்கா மக்களைக் குடியேற்றினார்கள். இன்று பெரிங் தீவில் இருக்கும் நிகோல்ஸ்கோயே கிராமத்தில் அவர்களின் சந்ததி வாழ்கிறது. தீவுகளுக்கு நரியை விட்டதும் இதே கணக்கில்தான். 1750-லேயே கமாண்டர் தீவுகளிலிருந்து ஆர்க்டிக் நரிகளை அட்டூவில் கொண்டுபோய் விட்டார்கள், பின்னால் தோல் எடுக்கலாம் என்று. நூற்றுக்கணக்கான தீவுகளுக்கு அது பரவியது. நரி கடற்பறவைகளைத் தின்றது. பறவை எச்சம் இல்லாமல் மண் வளம் குறைந்து, உயரமான புல்வெளி குட்டைச் செடிக் காடாக மாறியது.

1867-இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேட்டை நிற்கவில்லை. ஒருகாலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமாக இருந்த நீர்நாய்கள், 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் வேட்டையைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்தபோது இரண்டாயிரத்துக்குள் சுருங்கியிருந்தன. ஜப்பானிலிருந்து மெக்சிகோ வரை நீண்ட அந்த வளைவில் பதின்மூன்று சிறு கூட்டங்கள்தான் மிச்சம்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 ஜூனில் ஜப்பானியப் படை கிஸ்காவையும் அட்டூவையும் பிடித்தது. அட்டூவில் இருந்த சுமார் நாற்பது உனாங்கன்களை ஜப்பானின் ஒட்டாரு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டினியாலும் காசநோயாலும் ஏறத்தாழ பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள். மற்றத் தீவுகளில் இருந்தவர்களை அமெரிக்க அரசு ‘பாதுகாப்புக்காக’ அப்புறப்படுத்தியது. ஒன்பது கிராமங்களிலிருந்து 881 பேர். ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாது என்று அட்கா கிராமத்தை, தேவாலயத்தோடு சேர்த்து, அமெரிக்கக் கடற்படையே எரித்தது. தென்கிழக்கு அலாஸ்காவின் ஃபன்டர் விரிகுடா போன்ற இடங்களில், கைவிடப்பட்ட மீன் பதப்படுத்தும் ஆலைகளில் தங்கவைத்தார்கள். கழிப்பறை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, மருத்துவர் இல்லை. மரமே பார்த்திராத மக்களுக்குச் சுற்றிலும் இருட்டுக் காடு. பத்தில் ஒருவர் இறந்தார். பாதுகாப்பு என்று சொன்ன அதே அரசு, 1943 கோடையில் பிரிபிலோஃப் ஆண்களைச் சீல் வேட்டைக்காகத் தீவுகளுக்குத் திரும்ப அழைத்துப் போனது. தோல் என்றால் ஆபத்து ஒரு பொருட்டில்லை.

போர் முடிந்தும் அட்டூ மக்களைச் சொந்தத் தீவுக்குப் போக அரசு விடவில்லை. அட்காவில் போய் இருங்கள் என்றது. காஷேகா, பியோர்கா, மகூஷின் கிராமங்களும் மறுபடி எழவில்லை. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்பும் நஷ்டஈடும் கொடுத்தது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து.

இப்படி ஆள் இல்லாமல் ஆக்கிய தீவுகள்தான், ஆள் இல்லை என்ற காரணத்துக்காகவே அடுத்த வேலைக்குப் பொருத்தமாகத் தெரிந்தன. ஆம்சிட்காவில் 1965, 1969, 1971 என்று மூன்று முறை பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தார்கள். கடைசியாக வெடித்த ‘கேனிக்கின்’ ஏறத்தாழ 5 மெகாடன். அமெரிக்கா பூமிக்கடியில் நடத்திய மிகப் பெரிய சோதனை. அதைத் தடுக்க வான்கூவரிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் கிளம்பியவர்களின் முயற்சியிலிருந்துதான் கிரீன்பீஸ் அமைப்பு பிறந்தது. உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று தடை மறுத்தது, அன்றே வெடித்தார்கள். நூற்றுக்கணக்கான நீர்நாய்கள் அதிர்ச்சி அலையில் செத்தன.

அதே ஆண்டுகளில் நல்லதும் நடந்தது. ஆம்சிட்கா, 1911-க்குப் பின் நீர்நாய் நன்றாகப் பெருகிய இடம். அங்கிருந்தும் பிரின்ஸ் வில்லியம் சவுண்டிலிருந்தும் பல நூறு நீர்நாய்களைப் பிடித்து தென்கிழக்கு அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன் கரைகளில் விட்டார்கள். ஓரிகனில் தங்கவில்லை, மற்ற இடங்களில் பிழைத்தன. தென்கிழக்கு அலாஸ்காவில் விட்ட சுமார் 400, பின்னாளில் 20,000-ஐத் தாண்டிவிட்டது. அங்கே நண்டு பிடிப்பவர்களுக்கும் கடல் அட்டை எடுப்பவர்களுக்கும் இதனால் நஷ்டம், எதிர்ப்பும் இருக்கிறது. அவர்கள் கவலை பொய்யில்லை. ஆனால் நீர்நாய் இல்லாத நீண்ட காலத்தில் பெருகிய நண்டையும் சிப்பியையும் வழக்கமான அளவாக எடுத்துக்கொண்டதிலிருந்துதான் இந்தச் சண்டையே தொடங்குகிறது.

ஜேம்ஸ் எஸ்டஸ் என்ற உயிரியலாளர் ஆம்சிட்காவுக்கு வந்ததும் இந்தச் சமயத்தில்தான். நீர்நாய் நிறைந்த ஆம்சிட்காவில் மூழ்கிப் பார்த்தார்: பாசிக்காடு. நீர்நாய் இன்னும் திரும்பாத ஷெம்யா தீவில் மூழ்கினார்: தரை முழுக்க முள்ளெலி, பாசியே இல்லை. 1974-இல் ஜான் பால்மிசானோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரு வேட்டை விலங்கு முழுக் கரையையும் தாங்கி நிற்கமுடியும் என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. 1990-களில் அதே நீர்நாய்கள் மறுபடி சரசரவென்று குறைந்தன. ஓர்காக்கள் (கொலைத் திமிங்கிலங்கள்) அவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று எஸ்டஸும் சகாக்களும் 1998-இல் எழுதினார்கள். காணாமல்போன சுமார் 40,000 நீர்நாய்களைத் தின்று தீர்க்க, வேறெதுவும் தின்னாத நான்கு ஓர்காக்கள் போதும் என்பது அவர்கள் கணக்கு. அடாக் தீவில் ஓர்கா நுழையமுடியாத ஒரு காயலில் நீர்நாய்கள் குறையாமல் இருந்ததும் அதற்குச் சான்றானது. பெரும் திமிங்கிலங்களைக் கப்பல்கள் வேட்டையாடித் தீர்த்ததால் ஓர்காக்கள் இரை மாறின என்கிற வாதம் இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. 2005-இல் தென்மேற்கு அலாஸ்கா நீர்நாய்கள் அழியும் ஆபத்துள்ளவையாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சரிசெய்ய முடிந்தவையும் உண்டு. நரியில்லாத பல்திர் தீவில் 1960-களின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட அலூசியன் வாத்து இனத்தை, மற்றத் தீவுகளிலிருந்து நரியை ஒழித்து மீட்டெடுத்தார்கள். 2001-இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடைந்த ஒரு ஜப்பானியக் கப்பலிலிருந்து இறங்கிய எலிகள் ஆண்ட தீவு ஒன்று, ‘எலித் தீவு’ என்றே பெயர் வாங்கியிருந்தது. 2008-இல் எலிகளை முற்றாக அழித்தார்கள். பறவைகள் திரும்பின, பறவைகள் நத்தைகளைத் தின்றன, கரைப்பாறைகளில் பாசி மறுபடி படர்ந்தது. 2012-இல் தீவுக்கு அதன் உனாங்கன் பெயரான ஹவாடாக்ஸ் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது.

கடலுக்கடியில் நிலைமை அவ்வளவு சுலபமில்லை. அலூசியன் கடல்தரையில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசி, பல நூறு ஆண்டுகளாக அடுக்கடுக்காக வளர்ந்து திட்டுகளாக நிற்கிறது. கெல்ப்பைத் தின்று தீர்த்த முள்ளெலிகள் இப்போது அதைக் குடைகின்றன. கடல் சூடாவதும் அமிலத்தன்மை கூடுவதும் அந்தப் பாசியின் சுண்ணாம்புக் கூட்டை மென்மையாக்கி, குடைவதை எளிதாக்குகின்றன என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீர்நாய் இருந்தால் முள்ளெலி குறையும். சூடாகும் கடலை எதிர்கொள்ள அந்தத் திட்டுகளுக்குக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். அந்தப் பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளர்கிறது. முள்ளெலி அதைவிட வேகமாகத் தின்கிறது.